முகம் பாராத நண்பர்களும் முதல் சென்னைப் பயணமும்

விக்கிமூலம் என்னும் கட்டற்ற மின்னூலகத்தில், நாட்டுடைமையாக்கப்பட்ட தமிழ் நூல்களுக்கு மெய்ப்பு பார்க்கும் வேலையில் சில ஆண்டுகளாக ஈடுபட்டிருக்கிறேன். பழைய நூலின் ஒரு பக்கத்தை ஸ்கேன் செய்த படம் திரையின் ஒரு பாதியில் இருக்கும். அப்படத்திலிருந்து எழுத்துணரி மென்பொருள் பிரித்தெடுத்த எழுத்துகள் மறுபாதியில் இருக்கும். துணைக்காலை அது 'ர' என்று படித்துவிட்ட இடங்களையும், 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்பு வழங்கிய பழைய 'லை', 'னை' வடிவங்களைக் கண்டு தடுமாறிய இடங்களையும் தேடித் திருத்த வேண்டும். ஒருவர் திருத்தி முடித்த பக்கம் மஞ்சள் நிறம் பெறும். வேறொருவர் அதை மீண்டும் படித்துச் சரிபார்த்த பிறகுதான் பச்சையாகும். ஒருவரே இரண்டையும் செய்துகொள்ள வழியில்லை. ஆகவே என் பிழைகளை நன்கு அறிந்தவர்கள் சிலர் திருவொற்றியூரிலும் தாம்பரத்திலும் மயிலாப்பூரிலும் இருந்தார்கள். அவர்களுடைய பிழைகளை நான் கோவில்பட்டியில் இருந்துகொண்டு அறிந்திருந்தேன். முகத்தை மட்டும் ஒருவரும் நேரில் பார்த்ததில்லை.

கடந்த தை பிறப்பதற்கு முந்தைய வார இறுதியில் அவர்களைச் சந்திக்கச் சென்னைக்குப் போனேன். தீப்பெட்டி ஆலை ஒன்றில் கணக்கு எழுதும் எனக்கு அதுவரை மதுரைக்கு வடக்கே போக வேண்டிய தேவை ஏற்பட்டதில்லை. இணையத்தில் பழகியவர்களைப் பார்க்கப் பெருநகருக்குப் போக நினைக்கும் சிற்றூர்ப் பெண்கள் பலர் இருப்பார்கள் என்பதால், எனக்கு உதவியவற்றைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் தடை வீட்டில்தான் வரும். "ஏளா, மூஞ்சி தெரியாத ஆளுகளப் பாக்கவா அவ்வளவு தூரம் போற?" என்று அம்மா கேட்டபோது, அது பழங்காலத்து அச்சம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை, கேள்வி நியாயமானதுதான். நான் பதிலாக வாதாடவில்லை. என் கணவரையும் அம்மாவையும் உட்கார வைத்து, இந்த நண்பர்கள் ஆண்டுக்கணக்கில் செய்திருக்கும் திருத்தங்களையும், பேச்சுப் பக்கங்களில் அவர்கள் எழுதிய பதில்களையும் கைப்பேசியில் காட்டினேன். விக்கித் திட்டங்களில் ஒருவர் செய்த ஒவ்வொரு திருத்தமும் நாள், நேரத்துடன் பொதுவில் பதிவாகியிருக்கும். ஒருவருடைய இயல்பை அறிய அவர் இனிமையாக எழுதிய செய்திகளைவிட, அவருடைய தவற்றை வேறொருவர் சுட்டிக்காட்டியபோது அவர் என்ன சொன்னார் என்பதையே நான் பெரிதாக நம்புகிறேன். சரியென்று ஏற்றுக்கொண்டவர் உண்டு, காரணம் காட்டி மறுத்தவர் உண்டு, கோபித்துக்கொண்டு ஒரு மாதம் காணாமல்போனவரும் உண்டு. நான் பார்க்கப் போனவர்கள் முதல் இரண்டு வகையினர். புகைப்படமும் இனிய பேச்சும் மட்டுமே உள்ள இடங்களில் இத்தகைய சோதனைக்கு வழியில்லை. அங்கே பழகியவர்களைச் சந்திப்பதற்கு முன் இன்னும் நெடுநாள் பொறுத்துப் பார்ப்பது நல்லது.

சந்திப்புக்கு ஒரு மாதம் முன்னதாக எல்லோரும் சேர்ந்து காணொளி அழைப்பில் பேசினோம். அதில் என் கணவரும் ஒருமுறை வந்து வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். இதைச் சிலர் கண்காணிப்பு என்று நினைக்கக்கூடும். எனக்கு அது நிம்மதியாகவே இருந்தது, அவர்களும் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை.

நாள், இடம் எல்லாம் குழுவில் முடிவான பிறகு, அண்மையில் குழுவில் சேர்ந்திருந்த ஒருவர் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பினார். வேளச்சேரிப் பக்கம் உள்ள தம் அலுவலகத்துக்குச் சனிக்கிழமை மாலை வந்தால், வீட்டிலிருந்தே கூடுதல் வருமானம் ஈட்டும் வழி ஒன்றைச் சொல்லித் தருவதாகவும், இப்போதைக்கு மற்றவர்களிடம் சொல்ல வேண்டாம் என்றும் எழுதியிருந்தார். அவர் மெய்ப்பு பார்த்திருந்த பக்கங்கள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருந்தன. "எல்லோரும் சேர்ந்து சந்திக்கும் இடத்துக்கு வாருங்கள், அங்கேயே பேசிக்கொள்ளலாம்" என்று ஒரே வரியில் பதில் எழுதிவிட்டு, அந்தச் செய்தியைக் குழுவை நடத்துபவருக்கும் அனுப்பிவைத்தேன். தனியாக அழைத்தவர் சந்திப்புக்கு வரவில்லை, பிறகு குழுவிலும் இல்லை. உள்நோக்கம் எதுவாக இருந்தாலும், தனியாக வரச் சொல்வதும் யாரிடமும் சொல்லாதே என்பதும் சேர்ந்து வரும் அழைப்பை ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கத் தேவையில்லை.

பயணச்சீட்டைப் பொறுத்தவரை பொங்கல் காலத்துக்கென்று ஒரு தனி இயல்பு உண்டு. பண்டிகைக்கு முன்பு கூட்டமெல்லாம் சென்னையிலிருந்து தெற்கே வரும். பண்டிகை முடிந்ததும் அதே கூட்டம் வடக்கே திரும்பும். எனவே பொங்கலுக்கு முந்தைய வாரத்தில் கோவில்பட்டியிலிருந்து சென்னைக்குப் போக இடம் எளிதாகக் கிடைக்கும். திரும்பி வரத்தான் கிடைக்காது. முன்பதிவுக் காலம் முன்பு 120 நாளாக இருந்தது. 2024 நவம்பர் முதல் அது 60 நாளாகக் குறைக்கப்பட்டுவிட்டது. முன்பதிவு தொடங்கும் காலையிலேயே ஞாயிறு இரவுக்கான திரும்பும் சீட்டை எடுத்து, அது உறுதியான பிறகே போவதற்கான சீட்டை எடுத்தேன். ஊருக்குத் திரும்பும் வழி கையில் இருந்தால்தான் புதிய ஊரில் மனம் அமைதியாக இருக்கிறது. நெரிசல் நாளில் கடைசி நேரத்தில் ஆம்னிப் பேருந்தைத் தேடுவது பணத்துக்கும் கேடு, மனத்துக்கும் கேடு.

எங்கே தங்குவது என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை. மயிலாப்பூரில் இருக்கும் நண்பர் தம் வீட்டிலேயே தங்கலாம் என்று அன்போடு அழைத்தார். ஆனாலும் குரோம்பேட்டையில் இருக்கும் சித்தி மகள் வீட்டில் தங்குவதாகச் சொல்லிவிட்டேன். முதல் சந்திப்பிலேயே ஒருவர் வீட்டு விருந்தாளியாகிவிட்டால், சற்றுச் சலிப்புத் தோன்றினாலும் எழுந்து போக முடியாது. அவருக்கும் விடைகொடுக்க முடியாது. உறவினர் இல்லாதவர்கள் தனி விடுதியில் தங்குவதற்கான செலவையும் பயணச் செலவோடு சேர்த்துக் கணக்கிட்டுக்கொள்வது நல்லது. பகலில் சில மணி நேரம் பழகி, இரவில் அவரவர் இடத்துக்குப் போவதே முதல் முறைக்குப் பொருத்தமான அளவு.

தென்மாவட்டத்துக்காரர்களுக்குச் சென்னை என்றால் எழும்பூர் என்று மனத்தில் பதிந்திருக்கிறது. தங்குமிடம் தென்புறநகரில் இருந்தால் எழும்பூர் வரை போய்த் திரும்பி வரத் தேவையில்லை. தாம்பரத்தில் இறங்கி, புறநகர் மின்சார ரயிலில் ஏறினால் சானட்டோரியத்துக்கு அடுத்த நிலையம் குரோம்பேட்டை. எழும்பூர் நிலையச் சீரமைப்புப் பணியை முன்னிட்டுச் சில ரயில்கள் தாம்பரத்தோடு நிறுத்தப்படுவதும் உண்டு என்பதால், புறப்படும் முன் அறிவிப்புகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். திரும்பும்போதும் தாம்பரத்திலேயே ஏறலாம். ஆனால் சீட்டில் ஏறும் நிலையம் எழும்பூர் என்று இருந்தால் அதை முன்கூட்டியே தாம்பரம் என மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றாமல் விட்டால், பரிசோதகர் நம்மை வராதவராகக் கருதி இருக்கையை வேறொருவருக்குக் கொடுத்துவிட வாய்ப்புண்டு.

ரயில் நிலையத்துக்கு வந்து அழைத்துப் போவதாக நண்பர்கள் இருவர் சொன்னார்கள். அன்போடு மறுத்தேன். நண்பர்களின் துணையோடு மட்டுமே நடமாடத் தெரிந்தால், அவர்களோடு மனம் ஒத்துப்போகாத நேரத்தில் நகரமே நமக்கு அடைபட்டுவிடும். அதனால் வெள்ளிக்கிழமையே போய்ச் சேர்ந்து, அன்று பகலில் சித்தி மகளோடு ஒரு முறை, பிறகு தனியாக ஒரு முறை என்று குரோம்பேட்டைக்கும் எழும்பூருக்கும் இடையே போய் வந்தேன். மின்சார ரயிலில் பெண்களுக்கெனத் தனிப் பெட்டி உண்டு. அது நடைமேடையில் எந்த இடத்தில் வந்து நிற்கும் என்பதை அங்கே காத்திருக்கும் பெண்களின் கூட்டமே காட்டிவிடும். காலையில் கடற்கரை நிலையம் நோக்கியும் மாலையில் தாம்பரம் நோக்கியும் கூட்டம் நெருக்கும். எதிர்த்திசையில் உட்கார இடமிருக்கும். மாநகரப் பேருந்துகளில், முகப்பில் இளஞ்சிவப்பு வண்ணம் பூசிய சாதாரணப் பேருந்துகளில் 2021 மே மாதம் முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. சென்னைக்காரர்களுக்கு மட்டும் என்று நினைத்துச் சில வெளியூர்ப் பெண்கள் காசை நீட்டுகிறார்கள். அப்படி ஒரு வேறுபாடு இல்லை. நடத்துநரிடம் கட்டணமில்லாச் சீட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டால் போதும்.

ஆட்டோவைப் பற்றி எல்லோரும் எச்சரித்தார்கள். 2013இல் அரசு நிர்ணயித்த கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். அந்தக் கணக்கை இன்று எடுத்துச் சொன்னால் ஓட்டுநர் சிரிப்பார். எரிபொருள் விலையை நினைத்தால் அவர் சிரிப்பதிலும் நியாயம் இருக்கிறது. கைப்பேசிச் செயலி காட்டும் தொகையை முதலில் பார்த்துவிட்டு, அதை ஒட்டிப் பேசினால் பெரும்பாலும் தகராறு வருவதில்லை. நான் ஏறிய ஆட்டோக்களின் ஓட்டுநர்கள் வழியையும் சொல்லி, நிலையத்தின் எந்த வாசலில் இறங்க வேண்டும் என்பதையும் விளக்கினார்கள்.

வாசல் விஷயம் எழும்பூரில் முக்கியமானது. 1908இல் திறக்கப்பட்ட அந்தச் செங்கல் நிறக் கட்டடத்தின் முகப்பு காந்தி இர்வின் சாலையைப் பார்த்தது; பின்வாசல் பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பக்கம் திறக்கிறது. நாங்கள் சந்திக்க முடிவுசெய்திருந்த இடம் பாந்தியன் சாலையில் உள்ள அரசு அருங்காட்சியக வளாகம். அங்கேதான் கன்னிமாரா பொது நூலகமும் இருக்கிறது. அதற்கு முன்வாசல் வழியாக வெளியேறினால் நடந்தே போய்விடலாம். "எழும்பூர் ஸ்டேஷன் வாசலில் நிற்கிறேன்" என்று இருவர் இரண்டு வாசல்களில் நின்றுகொண்டு பேசினால் அரைமணி நேரம் போய்விடும் என்று தாம்பரத்துத் தம்பி முன்பே எச்சரித்திருந்தார்.

அந்த இடத்தை நாங்கள் தேர்ந்தெடுத்ததற்குக் காரணங்கள் உண்டு. திருவொற்றியூர்க்காரர் மெட்ரோவில் சென்ட்ரல் வந்து, அங்கே வழித்தடம் மாறி எழும்பூருக்கு வந்துவிடலாம், தாம்பரத்துக்காரருக்கு மின்சார ரயில், மயிலாப்பூருக்குப் பேருந்து. ஒருவருக்கு மிக அருகிலும் மற்றவர்களுக்கு மிகத் தொலைவிலும் இல்லாத பொது இடம். காவலர்கள் இருப்பார்கள், கழிப்பறை இருக்கும், மர நிழல் இருக்கும், பேச ஒன்றும் இல்லாமல் போனால் பார்ப்பதற்குத் திருவாலங்காட்டு நடராசர் இருக்கிறார், அமராவதிச் சிற்பங்கள் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை என்பதால் சனிக்கிழமையைக் குறித்தோம். கடற்கரையில் சந்திக்கலாம் என்று முதலில் ஒருவர் சொன்னார். மெரினாவின் நீளத்தில் ஒருவரையொருவர் கண்டுபிடிப்பதே பெரும்பாடு என்பதால் அது கைவிடப்பட்டது.

எனக்கு வியப்பாக இருந்தது வேறொன்று. சென்னையிலேயே இருக்கும் இவர்கள் அதுவரை தங்களுக்குள்ளும் சந்தித்ததில்லை. திருவொற்றியூரும் தாம்பரமும் நகரின் இரு கோடிகள். வேலை நாளில் ஒருவர் மற்றவரிடம் போய் வருவதென்றால் அரைநாள் போய்விடும். வெளியூரிலிருந்து ஒருத்தி வருகிறாள் என்ற காரணம் கிடைத்த பிறகே உள்ளூர்க்காரர்களும் கூடினார்கள். பெருநகரத்தில் இருப்பவர்கள் நினைத்தபோது பார்த்துக்கொள்வார்கள் என்று ஊரில் இருந்தபோது நான் நினைத்திருந்தேன்.

வரவேண்டியவர்களில் ஒருவர் காலையில் காய்ச்சல் என்று செய்தி அனுப்பிவிட்டார். காஞ்சிபுரத்திலிருந்து வந்த கல்லூரி மாணவி தம் அப்பாவையும் அழைத்து வந்திருந்தார். அவர் எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்து, பெயரும் ஊரும் விசாரித்துவிட்டு, "நீங்க பேசிக்கிட்டு இருங்கம்மா" என்று சொல்லி நூலகத்தின் நாளிதழ்ப் பகுதிக்குப் போய் அமர்ந்துகொண்டார். யாருக்கும் அதில் மனவருத்தம் இல்லை. துணைக்கு ஒருவரை அழைத்து வந்தால் முகம் சுளிக்கும் குழுவாக இருந்தால், அதையும் சந்திப்பின் தொடக்கத்திலேயே தெரிந்துகொள்வது நல்லதுதானே.

நேரில் பார்க்கும்போது எப்படி அழைத்துக்கொள்வது என்பதில் முதலில் ஒரு தயக்கம் இருந்தது. இணையத்தில் எல்லோருக்கும் பயனர் பெயர்தான்; வயதுக்கு வேறுபாடின்றி எல்லோரும் எல்லோருக்கும் 'நீங்கள்'. நேரில் வந்ததும், ஓய்வுபெற்ற அஞ்சல் அலுவலரான திருவொற்றியூர்க்காரர் 'ஐயா' ஆனார், மயிலாப்பூர் நண்பர் 'அக்கா' ஆனார், மென்பொருள் துறையில் இருக்கும் தாம்பரத்துக்காரர் 'தம்பி' ஆனார். இருவர் மட்டும் தங்கள் உண்மைப் பெயரை இணையத்தில் வெளிப்படுத்தாதவர்கள். அவர்களைப் பொது இடத்திலும் பயனர் பெயராலேயே அழைத்தோம். புனைபெயரில் இயங்குவோரின் உண்மைப் பெயர் நேரில் தெரிய வந்தால், அதை நம்மோடு வைத்துக்கொள்ள வேண்டும். படம் எடுக்கும்போதும் இதையே பின்பற்றினோம்: பொதுவில் பகிரலாம் என்றவர்கள் ஒரு படத்திலும், வேண்டாம் என்றவர்கள் குழுவுக்கு மட்டுமான வேறொரு படத்திலும் நின்றார்கள். எடுப்பதற்கு முன்பே கேட்டுவிட்டதால், பிறகு நீக்கச் சொல்லும் சங்கடம் யாருக்கும் நேரவில்லை.

எழுத்தில் கண்ட மனிதரும் நேரில் கண்ட மனிதரும் எல்லா வகையிலும் ஒத்திருப்பதில்லை. அஞ்சல் அலுவலர் ஐயா இணையத்தில் "தவறு. பார்க்கவும்." என்பதற்கு மேல் எழுத மாட்டார், அவரைக் கடுமையானவர் என்றே எல்லோரும் நினைத்திருந்தோம். நேரில் அவர் ஓயாமல் பேசினார். ஒவ்வொரு கதைக்குள்ளும் இன்னொரு கதை வைத்திருந்தார். கைப்பேசியில் ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதுவதால்தான் அவருடைய செய்திகள் அவ்வளவு சுருக்கமாக இருக்கின்றன என்பது அவர் ஒரு முகவரியைப் பதிவதைப் பார்த்தபோது விளங்கியது. மாறாக, பக்கம் பக்கமாக அன்பொழுக எழுதும் மயிலாப்பூர் அக்கா முதல் ஒரு மணி நேரம் ஏறக்குறைய ஒன்றும் பேசவில்லை. அவருக்கு எங்களைப் பிடிக்கவில்லை போலும் என்று மாணவி என் காதில் சொன்னார். கூட்டத்தில் அவர் இயல்பாகவே அமைதியானவர் என்பது போகப்போகத் தெரிந்தது. முதல் ஒரு மணி நேரத்தை வைத்து யாரையும் எடைபோடாமல் இருப்பதற்கு, கையில் ஒரு வேலை இருந்தது பெரிதும் உதவியது.

அந்த வேலை இதுதான். 1940களில் அச்சான ஒரு கட்டுரை நூலில் சில பக்கங்கள் ஸ்கேன் செய்யும்போது மடங்கியிருந்ததால், வரிகளின் கடைசி எழுத்துகள் தெரியவில்லை. நெடுநாளாக அந்தப் பக்கங்கள் முடிக்கப்படாமல் கிடந்தன. அச்சுப்படி ஒன்றை நேரில் பார்த்தால் தீர்ந்துவிடும் என்பதால் கன்னிமாராவில் தேடுவதென்று முடிவு செய்திருந்தோம். 1896இல் திறக்கப்பட்ட அந்த நூலகம், இந்தியாவில் அச்சாகும் நூல்களைச் சட்டப்படி பெற்றுப் பாதுகாக்கும் நூலகங்களுள் ஒன்று; மறைமலையடிகள் நூலகத்தின் சேகரிப்பும் இப்போது அங்கேதான் வைக்கப்பட்டிருக்கிறது. ஊழியரிடம் நோக்கத்தைச் சொல்லி, நூலின் பெயரை எழுதிக் கொடுத்துக் காத்திருந்தோம். கிடைத்தது, ஆனால் அது பிந்தைய பதிப்பு.

அங்கே எங்களுக்குள் ஒரு விவாதம் எழுந்தது. பிந்தைய பதிப்பைப் பார்த்து விடுபட்ட எழுத்துகளை நிரப்பி, குறிப்பு ஒன்றைச் சேர்த்துவிடலாம் என்றார் ஐயா. கூடாது, நாம் மெய்ப்பு பார்ப்பது குறிப்பிட்ட பதிப்பின் குறிப்பிட்ட பக்கத்தை. அடுத்த பதிப்பில் ஆசிரியரோ பதிப்பகத்தாரோ சொல்லை மாற்றியிருந்தால் நாம் இல்லாத ஒரு நூலை உருவாக்கியவர்கள் ஆவோம் என்றார் தம்பி. அவர் சொன்னதை உறுதிப்படுத்துவதுபோல், தெளிவாகத் தெரிந்த ஒரு வரியிலேயே இரண்டு பதிப்புகளுக்கும் இடையே ஒரு சொல் மாறியிருந்ததை மாணவி கண்டுபிடித்தார். பேசாமல் இருந்த அக்கா அப்போதுதான் வாய் திறந்து, ஐயத்துக்கு இடமில்லாத எழுத்துகளை மட்டும் நிரப்பிவிட்டு, எஞ்சியவற்றைச் சிக்கலுள்ள பக்கமாகவே குறித்து வைப்போம் என்றார். அதுவே முடிவாயிற்று. இணையத்தில் இதே விவாதம் வாரக்கணக்கில் நீண்டிருக்கும், யாராவது ஒருவர் மனம் நொந்திருப்பார். வாசிப்பறையில் மெல்லிய குரலில்தான் பேச முடியும் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். யாரும் குரலை உயர்த்தவே இல்லை. இணைய நண்பர்களைச் சந்திப்பவர்கள் உணவகத்தில் மட்டும் சந்தித்துப் பிரியாமல், தாங்கள் நட்பானதற்குக் காரணமான வேலையிலோ ஆர்வத்திலோ ஒரு சிறு பகுதியைச் சேர்ந்து செய்யுமாறு திட்டமிடலாம். பாட்டுக்காகப் பழகியவர்கள் கச்சேரிக்குப் போகலாம். பறவை பார்ப்பவர்கள் பள்ளிக்கரணைக்குப் போகலாம். பேச்சு வறண்டாலும் கண்ணுக்கும் கைக்கும் வேலை இருக்கும்.

மதிய உணவுக்கு அருகிலிருந்த சைவ உணவகத்துக்குப் போனோம். பணம் யார் கொடுப்பது என்பது நம் ஊர்களில் எளிய விஷயமன்று. மூத்தவர் என்ற முறையில் ஐயா கொடுக்க முற்படுவார் என்பது தெரிந்ததால், அவரவர் பங்கை அவரவர் தருவதென்று முந்தைய நாளே குழுவில் எழுதி எல்லோரிடமும் சம்மதம் வாங்கியிருந்தோம். அப்படியும் காப்பிக்கு அவர்தான் கொடுத்தார். அதை விட்டுவிட வேண்டியதுதான். நான் ஊரிலிருந்து கடலைமிட்டாய் கொண்டு போயிருந்தேன். விலை குறைவு, கெடாது, உடைத்துப் பகிரலாம், ஏற்றுக்கொள்பவருக்குத் திருப்பிச் செய்ய வேண்டுமே என்ற சங்கடம் இருக்காது. முதல் சந்திப்பில் விலையுயர்ந்த அன்பளிப்பைத் தவிர்ப்பதே நல்லது.

ஞாயிற்றுக்கிழமை புத்தகக் காட்சி. 1977 முதல் ஆண்டுதோறும் நடந்துவரும் இக்காட்சி அண்மை ஆண்டுகளில் நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்தில் நடைபெறுகிறது. நந்தனம் மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்துவிடும் தூரம். வந்தவர்கள் நானும் அக்காவும் தம்பியும் மட்டும். விடுமுறை நாளின் கூட்டத்தில் சேர்ந்தே சுற்றுவது இயலாது, கைப்பேசி இணைப்பும் அவ்வப்போது விட்டுப்போகும். ஆதலால் உள்ளே நுழையும்போதே, மாலை நான்கு மணிக்கு எந்த இடத்தில் கூடுவது என்பதைப் பேசிக்கொண்டு பிரிந்தோம். ஒவ்வொருவருக்கும் பிடித்த அரங்குகள் வேறு. ஒருவருக்காக மற்றவர் கால்கடுக்க நிற்கத் தேவையில்லாமல் போயிற்று. வழக்கமான பத்து விழுக்காட்டுத் தள்ளுபடியில் மயங்கி நான் நிறையவே வாங்கினேன். இரவு ரயிலைப் பிடிக்க வேண்டியவர்கள் புத்தகங்களின் எடையை நினைவில் கொள்ள வேண்டும்.

அங்கிருந்து திரும்ப, மெட்ரோவில் கிண்டி வரை வந்து, அதை ஒட்டியே இருக்கும் கிண்டி ரயில் நிலையத்தில் மின்சார ரயில் ஏறினால் குரோம்பேட்டைக்கு வந்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் மின்சார ரயில்களின் எண்ணிக்கை குறைவு என்பதை அக்கா சொல்லியிருந்ததால், இரவு ரயிலுக்கு வேண்டியதைவிட ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்பினேன். கடைசி நாள் முழுதும் வெளியே சுற்றிவிட்டு நேராக எழும்பூருக்குப் போகிறவர்கள் பெரிய பையை நிலையத்தின் பொருள் பாதுகாப்பு அறையில் வைத்துவிடலாம். பயணச்சீட்டைக் காட்ட வேண்டும், பையில் பூட்டு இருக்க வேண்டும், பூட்டு இல்லாத பையை வாங்கமாட்டார்கள்.

பாதுகாப்புக்காகச் செய்துகொண்ட சில ஏற்பாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சித்தி மகள், கணவர், நண்பர்கள் இருவர் ஆகியோரின் எண்களைக் காகிதத்தில் எழுதிக் கைப்பையில் வைத்திருந்தேன். கைப்பேசியின் மின்கலம் எப்போது தீரும் என்று சொல்ல முடியாது. இருக்கும் இடத்தைக் கணவருக்குத் தொடர்ந்து காட்டும் வசதியை இயக்கி வைத்திருந்தேன். ரயிலில் தொல்லை என்றால் 139, பெண்களுக்கான உதவிக்கு 181, எந்த அவசரத்துக்கும் 112. தமிழ்நாடு காவல்துறையின் 'காவல் உதவி' செயலியையும் நிறுவியிருந்தேன். இவற்றுள் எதையும் பயன்படுத்த நேரவில்லை.

திரும்பி வந்த பிறகு எங்கள் வேலையில் சில மாற்றங்கள் தெரிந்தன. ஐயாவின் "தவறு. பார்க்கவும்." இப்போது யாரையும் சுடுவதில்லை, அவருடைய ஒற்றை விரல் எல்லோருக்கும் தெரியும். தம்பிக்கும் எனக்கும் ஒற்றுமிகும் இடங்களைப் பற்றிய பழைய கருத்து வேறுபாடு அப்படியே இருக்கிறது. நேரில் பார்த்துவிட்டோம் என்பதற்காக அவர் விட்டுக்கொடுக்கவில்லை, நானும் விட்டுக்கொடுக்கவில்லை. காய்ச்சலால் வராதவர் மட்டும் கொஞ்ச நாள் ஒதுங்கியே இருந்தார். குழுவில் நாங்கள் அந்தச் சந்திப்பைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தது அவருக்கு அயன்மையாகத் தோன்றியிருக்க வேண்டும். அதைக் கவனித்த அக்கா, சந்திப்பைப் பற்றிய பேச்சைத் தனி உரையாடலுக்கு மாற்றிவிட்டு, அவர் மெய்ப்பு பார்த்த பக்கங்களையே தேடிப்பிடித்துச் சரிபார்க்கத் தொடங்கினார்.

அடுத்த சந்திப்பை மதுரையில் வைக்கலாம் என்று பேசியிருக்கிறோம். 2023இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம் புது நத்தம் சாலையில் இருக்கிறது. தென்மாவட்டங்களில் இருந்து இதுவரை யாரையும் பார்க்காத நான்கைந்து பேர் வர முடியும். இடமும் உணவும் என் பொறுப்பு. எந்த நூலின் எந்தப் பக்கங்களை அங்கே உட்கார்ந்து முடிப்பது என்ற பட்டியலை வராதவர் தயாரித்துக்கொண்டிருக்கிறார்.